தண்ணி வர்றது ஒரு பாடு, வடியறது பெரும்பாடு: கோரையாத்துக் கடைமடை அனுபவம்

காவிரின்னாலே எல்லாரும் பேசுறது தண்ணி வருமா வராதாங்கறத மட்டும்தான். ஜூன் பொறந்துட்டா டிவியில மேட்டூர் எத்தனை அடி, கர்நாடகாவுல எவ்வளவு தொறந்தாங்க, ஆணையம் என்ன சொல்லுச்சு, இதுதான் ஓடும். நாங்க முத்துப்பேட்டைக்கு வடக்க, கோரையாத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடத்துல விவசாயம் பண்றவங்க. எங்களுக்குத் தெக்க இன்னும் கொஞ்சம் வயலு, அப்புறம் உவர் நெலம், எறா குட்டை, அதத் தாண்டுனா அலையாத்திக் காடு, லகூன்னு சொல்ற கடலோரக் காயல், கடல். இங்கேருந்து பாத்தா காவிரி கதையே வேற. தண்ணி வராம அடி வாங்குன வருஷமும் உண்டு, ஆனா வந்த தண்ணி போக வழியில்லாம பயிரு அழுகுன வருஷம்தான் எங்க ஊர்ல அதிகம். இத மேல்பக்கத்து ஆளுங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க, என்னய்யா ஒரு பக்கம் தண்ணி குடுன்னு மறியல், இன்னொரு பக்கம் தண்ணி போவலன்னு மறியலான்னு. ஆமாங்க, ரெண்டும் ஒரே வருஷத்துல நடக்கும், சில வருஷம் ஒரே மாசத்துல நடக்கும்.

அப்பாவுக்கு முடியாம போனப்போ நெலத்த நான் எடுத்தேன், அதுக்கு முன்னாடி வெளியூர்ல வேலை பாத்துட்டு தீபாவளி பொங்கலுக்கு மட்டும் வர்ற ஆளு. அதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் கத்துக்கிட்டத, புதுசா கடைமடையில விவசாயத்துக்கு வர்ற தம்பிங்களுக்கு உபயோகமா இருக்கட்டுமேன்னு எழுதறேன். யாரும் ஒரே எடத்துல ஒக்கார வச்சு சொல்லித் தரல, மதகு ஷட்டர் பாத்துக்கற லஸ்கர் அண்ணன்கிட்ட கொஞ்சம், மீன்புடிக்கிறவங்ககிட்ட கொஞ்சம், பெரியப்பாகிட்ட திட்டு வாங்கி கொஞ்சம்னு சேந்ததுதான்.

மொதல்ல நியூஸ்ல வர்ற கணக்க படிக்கத் தெரியணும். டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி, மொத்த அளவு. கனஅடின்னு சொல்றது ஒரு வினாடிக்கு ஓடுற வேகம். வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடுனா அது ஒரு டிஎம்சி, இந்த ஒரு நம்பர மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும், டிவிக்காரர் என்ன கத்துனாலும் நீங்களே கணக்கு போட்டுக்கலாம். 2023 செப்டம்பர்ல 5,000 கனஅடி தொறந்துவிடச் சொல்லி உத்தரவு வந்து பெங்களூர்ல பந்த் நடந்துச்சே, அந்த 5,000ங்கறது ஒரு நாளைக்கு அரை டிஎம்சிகூட கெடையாது. அதுக்கு அங்க மாண்டியா விவசாயி ரோட்டுல படுத்தான், இங்க நாம ரயில மறிச்சோம். அவனுக்கும் அந்த வருஷம் மழையில்ல, அதையும் சொல்லணும்.

2007ல காவிரி நடுவர் மன்றம் வருஷத்துக்கு மொத்தம் 740 டிஎம்சின்னு வச்சு தமிழ்நாட்டுக்கு 419ன்னு சொல்லுச்சு, 2018 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் அத 404.25 ஆக்குச்சு. ஆனா இந்த 404 மொத்தமும் கர்நாடகா அனுப்புறது இல்ல, நம்ம பக்கம் பெய்யற மழையில பவானி, அமராவதின்னு நமக்கே கெடைக்கிறதும் சேத்துதான். எல்லையில பிலிகுண்டுலுல அளந்து விட வேண்டியது 177.25. அதுலயும் மாசத்துக்கு இவ்வளவுன்னு பட்டியல் இருக்கு, ஜூன்ல 9.19, ஜூலைல 31.24, ஆகஸ்ட்ல 45.95, செப்டம்பர்ல 36.76, அதுக்கப்புறம் கொறைஞ்சுக்கிட்டே வந்து டிசம்பர்ல 7.35. இந்த பட்டியல பிரிண்ட் போட்டு செவுத்துல ஒட்டி வச்சுக்கங்க, அந்தந்த மாசம் பிலிகுண்டுலுல உண்மையிலே எவ்வளவு வந்துச்சுன்னு பக்கத்துல எழுதிட்டே வந்தா, சம்பாவுக்கு தெம்பா எறங்கலாமா வேணாமான்னு ஆகஸ்ட் கடைசிலயே ஓரளவு தெரிஞ்சிடும்.

மேட்டூர் அடிக்கணக்குலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 120 அடின்னா 93.47 டிஎம்சி, 100 அடின்னா சுமார் 65 டிஎம்சிதான். மேல இருக்கற 20 அடியில மட்டும் கிட்டத்தட்ட 28 டிஎம்சி நிக்கும், அடியில இருக்கற 20 அடியில ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். அதனால 60 அடி இருக்குதே பாதி டேம் இருக்கேன்னு நெனச்சு நாத்து விடாதீங்க, கிட்டத்தட்ட பாதியில பாதிதான் தேறும்.

இதெல்லாம் தெரிஞ்சாலும் மேட்டூர் தொறந்தவுடனே தண்ணி எங்களுக்கு வராது. மேட்டூர்லேருந்து கல்லணைக்கு மூணு நாலு நாள். கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியும், எங்களுக்கு வேண்டியது வெண்ணாறு மட்டும். வெண்ணாறு தென்பெரம்பூர்ல வெட்டாறு பிரிச்சுக்கும், அப்புறம் நீடாமங்கலத்துக்கிட்ட மூணாத்துத் தலைப்புங்கற, ஆறு பிரியற மதகுல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மறுபடி பிரியும். ஆக எங்க ஊரு ஆளு பாக்க வேண்டியது மேட்டூர் நம்பரே இல்ல, மூணாத்துத் தலைப்புல கோரையாத்துக்கு எவ்வளவு விடுறாங்கங்கற நம்பர். அது பேப்பர்ல வராது, லஸ்கர்கிட்ட கேட்டா சொல்லுவாரு. இப்பல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவே போடுறாங்க, அளவுக்கோல்ல தண்ணி எங்க நிக்குதுன்னு. புதுசா வர்றவங்க மொதல் வேலையா உங்க ஆத்துக்கு தலைப்பு எங்கருக்குன்னு ஒருதடவ நேர்ல போயி பாத்துட்டு வாங்க, அங்க நின்னு பாத்தாத்தான் நம்ம பங்கு எவ்வளவு சின்னதுன்னு புரியும்.

2018 ஆகஸ்ட்ல மேட்டூர்லேருந்து ரெண்டு லட்சம் கனஅடிக்கு மேல தண்ணி போச்சு, முக்கொம்புல கொள்ளிடம் மதகே இடிஞ்சு விழுந்துச்சு, ஞாபகம் இருக்கும். அந்த நேரத்துல எங்க பக்கம் வாய்க்காலுல தண்ணி எட்டல. வெளியூர்ல இருந்த சொந்தக்காரங்க போன் பண்ணி என்னப்பா வெள்ளமாமே பத்திரமான்னு கேக்கறாங்க, நான் மடையில நின்னு காஞ்ச மண்ண பாத்துட்டு இருக்கேன். கொள்ளிடம் வெள்ளத்த கடலுக்கு கொண்டுபோவன்னே இருக்கற ஆறு, வெண்ணாறு கோரையாறெல்லாம் அவ்வளவு தாங்காது, தாங்கற அளவுக்குத்தான் விட முடியும். ஆறு நெறைய ஓடுறதும் வயலுக்கு வர்றதும் வேற வேற விஷயம்.

இனிமேதான் எங்க கத. டெல்டாவுல வாய்க்கால் ரெண்டு வகை, தண்ணி கொண்டுவர்ற பாசன வாய்க்கா, மிச்சத்த வெளிய கொண்டுபோற வடிவாய்க்கா, சுருக்கமா வடி. பாசன வாய்க்காவுக்கு எல்லாரும் சொந்தம் கொண்டாடுவாங்க, வடிக்கு யாரும் இல்ல. ஆனா வால் பகுதியில ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மன்னார்குடி பக்கம் வயல்ல பாஞ்சு கசிஞ்சு வடியற தண்ணி வடிவாய்க்கா வழியா மறுபடி ஆத்துல விழும், கீழ இருக்கற தடுப்புல மறிச்சா அதுவே எங்களுக்கு பாசனம். மேல இருக்கறவனுக்கு கழிவு, எங்களுக்கு மொதல். 2023ல மேட்டூர அக்டோபர் 10ம் தேதியே மூடிட்டாங்க, அப்போ எங்க பக்கத்துல பல பேரு வடியில நின்ன தண்ணிய ஆயில் இன்ஜின் வச்சு எறச்சுத்தான் பயிர காப்பாத்துனோம். அதனால மேல சொட்டு நீர் போடுங்க, வாய்க்காலுக்கு சிமெண்ட் போடுங்க, ஒரு சொட்டும் வீணாக்காதீங்கன்னு பேசுறப்போ எனக்கு கொஞ்சம் வயித்த கலக்கும். மிச்சம் புடிக்கட்டும், வேணாம்னு சொல்லல, ஆனா அந்த மிச்சத்துல யாரு பொழச்சுட்டு இருந்தான்னு ஒருத்தரும் கணக்கு எடுக்கறதில்ல.

வடித் தண்ணிய எறைக்கிறவங்க ஒரு ஈசி மீட்டர் வாங்கி வச்சுக்கங்க, பேனா மாதிரி இருக்கும், பெரிய செலவு இல்ல. தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டும். டெசிசீமன்ஸ் கணக்குல 2க்குள்ள இருந்தா நெல்லு பெருசா கவலப்படாது, அதுக்கு மேல போவப் போவ மகசூல் எறங்கும். நாத்தா இருக்கறப்பவும் பூ வர்றப்பவும் நெல்லுக்கு உப்பு ஆவவே ஆவாது, தூர் கட்டுற பருவத்துல கொஞ்சம் தாங்கும். நாக்குல வச்சு பாத்து சொல்ற பெரியவங்க இருக்காங்க, அவங்க நாக்கு நல்ல நாக்குதான், ஆனா உப்பு கரிக்கறது நமக்கு தெரியறதுக்கு முன்னாடியே நாத்துக்கு தெரிஞ்சிடும். காலையில ஒருதடவ, கடல் ஏறுன பொறவு ஒருதடவ பாருங்க. ஒரே வடியில ஒரே நாள்ல நம்பர் மாறும்.

கடல் ஏறுறது, அதுதான் மேல்பக்கத்துக்காரங்களுக்கு புரியாத சமாச்சாரம். எங்க நெலம் தட்டு மாதிரி, சரிவே கெடையாது. நவம்பர்ல ரெண்டு நாள் கொட்டித் தீத்துச்சுன்னா எங்க மழையோட மேல பெஞ்ச மழையும் சேந்து எங்க தலையிலதான் வந்து நிக்கும். அது லகூனுக்கு போவணும்னா கடல் மட்டம் தாழ்ந்திருக்கணும். வடகிழக்கு காத்து கடல கரைக்கு தள்ளுற நேரம் அது, அமாவாசையோ பௌர்ணமியோ கூட சேந்துச்சுன்னா ஆத்துத் தண்ணி வாயிலயே எதுத்துக்கிட்டு நிக்கும், சில நேரம் உப்புத் தண்ணி உள்ள ஏறும். அதுக்குத்தான் கடைசியில ரெகுலேட்டர் கட்டி ஷட்டர் வச்சிருக்கு. கடல் எறங்கறப்ப தொறக்கணும், ஏறுறப்ப மூடணும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ எறங்கும். காயிதத்துல இது சுலபம். நடுராத்திரி மழையில ஒரு ஆளு நாலு எடத்து ஷட்டர பாக்கணும்னா எப்படி பாப்பாரு? அதுவும் துருப்புடிச்ச திருகு, கிரீஸ் போட்டு வருஷமாச்சு. நாங்க ஊர்ல ரெண்டு பசங்கள லஸ்கர் அண்ணனுக்கு தொணைக்கு அனுப்புறோம், கிரீஸ் டப்பா எங்க செலவு. கடல் நேரம் கேக்கறதுக்கு மீன்புடிக்கிற பாய் ஒருத்தர் நம்பர் வச்சிருக்கோம், போன்ல வர்ற ஆப்ப விட அவரு சொல்றது சரியா இருக்கு, ஏன்னா ஆப்பு கடலுக்கு சொல்லுது, அவரு லகூனுக்கு சொல்றாரு, உள்ள தண்ணி வந்து சேர கொஞ்சம் லேட்டாவும்.

வடிய நடந்து பாக்கறதுங்கறத ஒரு பழக்கமா வச்சுக்கங்க. ஆவணியிலயே போயிடணும், மழை புடிச்ச பொறவு போனா பாக்க ஒண்ணும் இருக்காது, எல்லாம் தண்ணிக்குள்ள. உங்க வயலு மடையிலேருந்து ஆத்துல விழற எடம் வரைக்கும் கரையில நடங்க, உங்க ஊரு எல்லையோட நிக்காதீங்க, அடைப்பு பெரும்பாலும் அடுத்த ஊர்லதான் இருக்கும். நாலு விஷயம் மாட்டும். வெங்காயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிக் கெடக்கும். யாரோ வீட்டுக்கு பாதை போடறேன்னு ஒரு சின்ன பைப்ப வச்சு மண்ணு தள்ளிருப்பாங்க. மீன் புடிக்க தடுப்பு கட்டி வலை போட்டிருப்பாங்க. நாலாவதுதான் கொடுமை, ரோடு போட்டப்போ கட்டுன கல்வெர்ட்டோட அடித்தளம் வாய்க்கா தரைய விட மேல நிக்கும். அங்க மேல எவ்வளவு தூர் வாருனாலும் பிரயோசனம் இல்ல, அந்த அடித்தளம் வரைக்கும் தண்ணி தேங்கித்தான் நிக்கும். ஒரு கயிறும் ஒரு கொம்பும் இருந்தா போதும், ரெண்டு பக்கமும் ஆழம் பாத்து குறிச்சுக்கலாம்.

தூர் வாருறதுல எல்லாரும் அவங்கவங்க வயலுகிட்டேருந்து ஆரம்பிக்கச் சொல்லுவாங்க. ஜேசிபி வந்துச்சுன்னா அது பெரிய சண்ட. வடிய கீழேருந்து மேல வாரணும், ஆத்துல விழற எடத்துல ஆரம்பிச்சு பின்னாடி வரணும், இல்லாட்டி நாம வாருன பள்ளத்துல அடுத்த ஊரு சேறுதான் வந்து ரொம்பும். இன்னொண்ணு, கடலுக்கு கிட்ட அளவுக்கு மீறி ஆழமாக்கிடக் கூடாது. ஆழமா இருந்தா நெறைய வடியும்னு தோணும், ஆனா வெளியில கடல் மட்டம் அதேதான், கடல விட பள்ளமா தோண்டுனா தண்ணி வெளிய போறதுக்கு பதிலா உப்பு உள்ள வரும். வாருன சேத்த கரை ஓரத்துலயே குவிச்சா ரெண்டு மழையில திரும்ப உள்ளதான் விழும், தள்ளி கொட்டுங்க, இல்ல திடலுக்கு யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க. வெண்ணாத்துப் பகுதியில ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல 2016 வாக்குல ஒரு திட்டம் வந்து அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால்னு பெரிய ஆறுங்கள எடுத்தாங்க. நம்ம வயலோரத்து சின்ன வடி அந்த மாதிரி திட்டத்துல எல்லாம் வராது, அத நாமதான் பாத்துக்கணும்.

ஊருக்கும் ஊருக்கும் நடக்கற சண்டைய பத்தி சொல்லணும். ஒரு நவம்பர்ல மேல் ஊர்க்காரங்க ராத்திரியில கரைய வெட்டிவிட்டுட்டாங்க, அவங்க வயலு முழுகிடுச்சு, தண்ணி எங்க பக்கம் போனா அவங்க பொழச்சாங்க. காலையில பாத்தா எங்க நடவு தெரியல, வெறும் வெள்ளை. எங்க ஆளுங்க கம்பு எடுத்துட்டு கெளம்பிட்டாங்க. பெரியப்பாதான் நிறுத்துனாரு. "டேய், நேத்து வரைக்கும் கர்நாடகாக்காரன் மேல இருக்கறதால நெனச்சப்ப மூடுறான் நெனச்சப்ப தொறக்குறான்னு பேசுனீங்க, நாம நமக்குக் கீழ இருக்கறவனுக்கு போன வருஷம் என்ன பண்ணோம்?" ஒருத்தரும் வாயத் தொறக்கல, ஏன்னா எங்களுக்குத் தெக்க இருக்கற குடியிருப்புப் பக்கம் நாங்களும் வெட்டி விட்டவங்கதான். அதுக்கப்புறம் மூணு ஊரும் ஒக்காந்து ஒரு ஏற்பாடு வந்துச்சு, கரைய வெட்டறதுன்னா மூணு ஊரு ஆளும் நிக்கணும், கடல் எறங்கற நேரம் பாத்து கீழ ஷட்டர தொறந்து கீழ் ஊரு மட்டம் எறங்குன பொறவுதான் மேல வெட்டணும். எல்லா வருஷமும் இது நடந்துச்சான்னு கேட்டா இல்ல. கஜா அடிச்ச வருஷம் எவனும் எந்த ஏற்பாட்டையும் பாக்கல, மரமெல்லாம் வடியில விழுந்து கெடந்துச்சு, அவனவன் வீட்டுக்கூரைய தேடிட்டு இருந்தான்.

பயிரு முழுகிடுச்சுன்னா என்ன பண்றதுங்கறது தனி பாடம். மழைக்கு முன்னாடி பயிரு ஒசரமா இருக்கணும், அதுக்காகவே எங்க பக்கம் நெறைய பேரு நடவ விட்டுட்டு ஆவணி வாக்குல நேரடி விதைப்புக்கு போயிட்டாங்க, தண்ணி வர லேட்டானாலும் புழுதியில வெதச்சிட்டு ஒரு மழைய நம்பலாம். ரகத்துல சிஆர் 1009 சப் 1 முழுகியே ரெண்டு வாரம் கெடந்தாலும் திரும்பி வரும், ஆனா அது எளம்பயிரா இருக்கறப்ப மட்டும், பூ எடுத்த பொறவு முழுகுனா எந்த ரகமா இருந்தாலும் பதருதான். உவர் அடிக்கிற வயலுக்கு டிஆர்ஒய் ரகங்கள், பழைய ரகத்துல குழியடிச்சான். தண்ணி வடிஞ்ச ஒடனே யூரியாவ தூக்கிட்டு ஓடாதீங்க, வேரு மூச்சு விடட்டும், புது வேரு புதுக் குருத்து வர்றத பாத்துட்டு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ராத்திரி முழுக்க வச்சு, காலையில 17 கிலோ பொட்டாஷ் சேத்து போடணும், வேளாண் துறை நோட்டீஸ்ல வருஷா வருஷம் வர்ற அளவுதான் இது, நல்லாவே வேல செய்யும். தண்ணி நிக்கறப்பவே போட்டா அந்தக் காசு லகூனுக்குப் போவுது.

இன்சூரன்ஸ் சம்பாவுக்கு பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி தேதின்னு வைப்பாங்க, அந்த தேதிய நம்பி காத்திருக்காதீங்க, மழை அதுக்கு முன்னாடியே வந்துடும், கடைசி வாரத்துல சர்வரும் படுத்துடும். விஏஓகிட்ட அடங்கல் வாங்குன ஒடனே கட்டிடுங்க. ஒண்ணு புரிஞ்சுக்கங்க, இழப்பீடு பெரும்பாலும் உங்க வயல வச்சு இல்ல, கிராமத்துல அறுவடை சோதனை பண்ணி வர்ற சராசரிய வச்சு. மேட்டு வயலு நல்லா வெளஞ்சு, வடி ஓரத்து உங்க வயலு மட்டும் அழுகிப் போச்சுன்னா சல்லிக்காசு வராமப் போயிடலாம். வடி ஓரத்து நெலத்த குத்தகைக்கு எடுக்கறவங்க இத நெனச்சு ரேட்டு பேசுங்க.

இப்ப கடலுக்குப் போற தண்ணி. வீணா கடல்ல கலக்குதுன்னு பேப்பர்ல போடறத படிச்சா எனக்கு எரிச்சலா வரும். நானும் ஒரு காலத்துல அப்படி பேசுனவன்தான், ஊர்ல யாரு பேசல. ஜாம்புவானோடையிலேருந்து படகுல லகூனுக்குள்ள போயி மீன்புடிக்கிறவங்களோட பேசிப் பழகுன பொறவு அப்படி பேச வரல. ஐப்பசி கார்த்திகையில கோரையாறும் பாமணியாறும் நல்ல தண்ணிய கொண்டுவந்து கொட்டுனாத்தான் உப்பு கொறைஞ்சு எறாலும் மீனும் வந்து வளரும், தண்ணி வராத வருஷம் லகூன் கடல விட கரிக்கும், அவங்க வலையும் காலி. மேல நாம அடிக்கிற பூச்சி மருந்தும் அதே வழியாத்தான் போவுது, அத அவங்க எங்ககிட்ட நேரா கேட்டாங்க, பதில் இல்ல. மருந்து அடிச்சா ஒரு வாரமாவது மடைய அடைச்சு வைக்கிறது அதுக்கப்புறம் வந்த பழக்கம்.

அலையாத்திக் காட்டுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது அந்த மீன்முள்ளு வாய்க்காலுங்க. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து 1970கள் வரைக்கும் அங்க மரத்த மொத்தமா வெட்டிட்டு இருந்தாங்க. வெட்டுன எடம் காஞ்சு அமுங்கி பள்ளமாச்சு, ஏறி வந்த கடல் தண்ணி திரும்பிப் போவ முடியாம அங்கயே நின்னு வெயில்ல வத்துச்சு, வத்த வத்த உப்பு ஏறி அதுல ஒரு செடிகூட மொளைக்கல. அப்புறம் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரங்களோட சேந்து நடுவுல ஒரு பெரிய வாய்க்கா, ரெண்டு பக்கமும் சாய்வா கெள வாய்க்கான்னு வெட்டி ஓடையோட சேத்தாங்க, தண்ணி ஏறி எறங்க ஆரம்பிச்சுது, கரையில அலையாத்தி வெதைய போட்டாங்க, இன்னிக்கு காடா நிக்குது. ஆக என் வயலுக்கும் அந்தக் காட்டுக்கும் ஒரே வியாதிதான், வடிகால் இல்லாதது. காவிரித் தண்ணிக்கு எவ்வளவு வருஷமா கேஸ் நடந்துச்சு, அதுல கடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும்னு 2007 தீர்ப்புல ஒதுக்குனது 14 டிஎம்சி, அதுலயும் 4 டிஎம்சி தவிர்க்க முடியாம கடலுக்கு போறதுன்னு எழுதியிருக்கு. மிச்சம் 10 டிஎம்சி எந்த ஆத்துல எந்த மாசம் லகூனுக்கு வரணும்னு கேட்டுப் பாருங்க.

இதுல வெளிநாட்டுக் கத ஒண்ணு படிச்சேன். அமெரிக்காவும் மெக்சிகோவும் கொலராடோ ஆத்துக்கு 1944ல ஒப்பந்தம் போட்டாங்க, வருஷத்துக்கு மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர்அடி, நம்ம கணக்குல சுமார் 65 டிஎம்சி. 1961ல அரிசோனா பக்கத்து வயலுங்கள்லேருந்து எறைச்ச உப்பு வடிகால் தண்ணிய ஆத்துல விட்டாங்க, அளவு சரியாத்தான் இருந்துச்சு, ஆனா கீழ மெக்சிகாலி விவசாயி நெலம் உப்பாயிடுச்சு. சண்டையாகி 1973ல புதுசா ஒரு உடன்பாடு, எவ்வளவு தண்ணிங்கறதோட எவ்வளவு உப்பு வரைக்கும் இருக்கலாங்கறதையும் எழுதிட்டாங்க. அந்த உப்பு வடிய தனியா ஒரு கால்வாய்ல கொண்டுபோயி டெல்டாவுல ஒரு காஞ்ச பள்ளத்துல விட்டாங்க, 1977லேருந்து அது ஓட ஓட அங்க சம்பும் கோரையும் மண்டி பெரிய சதுப்பு நெலமே உருவாயிடுச்சு, சியெனேகா தெ சாந்தா கிளாரான்னு பேரு, பறவைங்க வந்து குடியேறிடுச்சு. அப்புறம் உப்பு எடுக்கற பெரிய பிளாண்ட் கட்டி அந்த வடிய சுத்தம் பண்ணி திரும்ப எடுத்துக்கலாம்னு 1992ல ஓட்டுனாங்க, அது பெரும்பாலும் சும்மாவே கெடக்கு. ஓட்டுனா சதுப்பு நெலத்துக்கு போற தண்ணி போயிடுமேங்கறதும் அங்க ஒரு பெரிய பேச்சு. இத எங்க ஊர்ல சொன்னப்போ ஒரு அண்ணன் கேட்டாரு, "அப்ப நம்ம தீர்ப்புல தண்ணி எந்த லட்சணத்துல வரணும்னு இருக்கா?" மாசத்துக்கு மாசம் எத்தனை டிஎம்சின்னு இருக்கு, பிலிகுண்டுலுல அளக்கறதோட அது முடிஞ்சுது. எங்க வடியில என்ன ஓடுதுன்னு அளக்க ஒரு ஆளு இல்ல, பேனா மீட்டரோட நான்தான் சுத்திட்டு இருக்கேன்.

எறா குட்டைங்கள பத்தி நெறைய எழுதலாம், சண்டைதான் வரும். 1996லயே உச்ச நீதிமன்றம் விவசாய நெலத்தையும் உப்பளத்தையும் சதுப்பு நெலத்தையும் எறா பண்ணையா மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, எங்க பக்கத்துல வடிக்கரைய ஒட்டி குட்டைங்க இன்னிக்கும் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்றேன், குட்டைக்குப் பக்கத்து வயல வாங்கறதுக்கு முன்னாடி கோடையில ஒருதடவ, மழை நின்னப்புறம் ஒருதடவ அந்த மண்ண எடுத்து டெஸ்ட் பண்ணுங்க. உப்பு மண்ணுக்கும் களர் மண்ணுக்கும் வித்தியாசம் இருக்கு. களருக்கு ஜிப்சம் கேக்கும், வெறும் உப்புக்கு ஜிப்சம் மூட்ட மூட்டையா கொட்டுனாலும் ஆவாது, நல்ல தண்ணிய நிறுத்தி கழுவி வெளிய விடணும், வெளிய விடணும்னா மறுபடி வடிதான். தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுதா ரெண்டுக்குமே நல்லது.

கடைசியா மனு எழுதற விஷயம். மாசா மாசம் கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும், போங்க, ஆனா 'எங்கள் ஊர் வடிகாலைத் தூர் வாரித் தர வேண்டும்'னு ஒரு வரி எழுதிட்டுப் போவாதீங்க, அந்த மாதிரி மனு கட்டு கட்டா கெடக்கு. வடியோட பேரு, எங்க ஆரம்பிச்சு எங்க ஆத்துல விழுது, எந்த சர்வே நம்பர்ல அடைப்பு, கல்வெர்ட் அடித்தளம் வாய்க்கா தரைக்கு எத்தனை அடி மேல நிக்குது, போன மழைக்கு எத்தனை ஏக்கர் எத்தனை நாள் தண்ணியில கெடந்துச்சு, இவ்வளவும் எழுதி தேதி தெரியற மாதிரி போட்டோ வச்சு குடுங்க. முடிஞ்சா மேல் ஊரு கீழ் ஊரு ரெண்டு பேரு கையெழுத்தும் வாங்குங்க, ஒரே ஊரு மனுன்னா பக்கத்து ஊரு எதுப்பு வரும்னு ஓரமா வச்சிடுவாங்க. மாசி பங்குனியிலயே குடுத்துடணும், சித்திரையிலதான் வேலைக்கு காசு ஒதுக்குவாங்க, ஐப்பசியில கொண்டுபோயி குடுத்தா அதிகாரியும் பாவம் என்ன பண்ணுவாரு, அவரு நிக்கற எடத்துலயும் முழங்கால் தண்ணி.